கோடியக்காட்டு வேட்டை பங்களாவும் என் மாப்ளயும்

போன தை மாசம் அறுவடை மிஷினுக்குக் காத்துக்கிட்டு வரப்புல உக்காந்திருந்தேன். அப்ப மாப்ளயோட மகன் போன் பண்ணினான். "மாமா, அப்பா பொட்டியை ஒழிக்கிறோம். பழைய பாஸ்புக், ரேஷன் கார்டுக்கு அடியில ஒரு சின்ன வளையம் கெடக்கு. அலுமினியம் மாதிரி இருக்கு. மேல இங்கிலீஷ்ல என்னமோ பொடிப் பொடியா எழுதியிருக்கு. தூக்கிப் போட்டுடவா?"

"போட்டுடாதடா, நான் வர்றேன்"னு சொல்லிட்டு போனை வச்சேன். மிஷின் வந்தபிறகும் அந்த வளையந்தான் நெனப்புல ஓடிக்கிட்டிருந்துச்சு. இத்தனை வருஷம் இந்தப் பக்கத்துல விதை, உரம், தண்ணி, ஊர்த் திருவிழான்னு எழுதியிருக்கேன். அவனைப் பத்தி ஒரு வரி எழுதினதில்ல. எழுதினா என்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், அதான் தள்ளிப் போட்டேன்.

மாப்ளன்னா சொந்தத்துல மாப்ள இல்ல. நிரவிப் பக்கம் எங்க ரெண்டு பேர் வயலும் ஒரே வாய்க்கால் பாசனம், அவன் மேமடை, நான் கீழ்மடை. பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. அவன் என்னை மாப்ளம்பான், நான் அவனை மாப்ளம்பேன். சாகுற வரைக்கும் அப்படித்தான்.

அவன் தாத்தா ஒரு சொல்தா. வெளியூர்க்காரங்களுக்கு இந்த வார்த்தை புரியாது. காரைக்கால், 1739லேர்ந்து பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊரு. இங்கேர்ந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவங்களை சொல்தான்னு சொல்வோம். அவங்க வீட்டை சொல்தா வீடும்போம். தாத்தா சைகோன் பக்கம் இருந்துட்டு வந்தவர். ஜூலை 14 வந்துச்சுன்னா கோட்டு மாட்டி மெடலைக் குத்திக்கிட்டு டவுனுக்குக் கிளம்பிடுவார். பென்ஷன் பிராங்கு கணக்குல வரும். வீட்டு உத்தரத்துல ஒரு ஒத்தைக்குழல் துப்பாக்கி தொங்கும். அதைத் தொட்டா கை ஒடிஞ்சிடும்னு எங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் திண்ணையில உக்காந்து அவர் சொல்ற கதை எல்லாமே கடைசியில கோடியக்காட்டுலதான் போய் முடியும். அப்பல்லாம் காரைக்கால்லேர்ந்தே ரயில். 1898ல போட்ட பேரளம் பாதை. பேரளத்துல மாறி திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்னு போனா கோடியக்கரைல பாதை முடியும், அதுக்கு மேல கடல்தான். துப்பாக்கியைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு நாலஞ்சு பேரா போவாங்களாம். 1954 நவம்பர் 1ந்தேதி நம்ம ஊரு இந்தியாவோட சேர்றதுக்கு முன்னாடி துப்பாக்கியோட எல்லை தாண்டுறது லேசான காரியமில்ல. அந்த எல்லையை எப்படித் தாண்டினாங்கங்கிறதுக்கு அவர்கிட்ட தனியா பத்து கதை இருக்கும், ஒரு கதைக்கும் இன்னொரு கதைக்கும் பொருந்தாது.

காட்டுக்குள்ள வேட்டைக்காரங்க தங்குற ஒரு வீடு இருந்துச்சாம். "வேட்டை பங்களா"ம்பார். கரண்ட் கிடையாது, அரிக்கேன் விளக்கு. ராத்திரி நரி ஊளையிடுற சத்தத்தையும் அலைச் சத்தத்தையும் தவிர வேற ஒண்ணும் கேக்காது. காலையில கதவைத் தொறந்தா வெளிமான் கூட்டம் புல்வெளியில நிக்கும். கிடா கன்னங்கரேல்னு முறுக்குக் கொம்போட இருக்கும், பொட்டை மண்ணு நெறம். "துரைமார்லாம் சுட்ட எடம்டா அது"ன்னு தாத்தா பெருமையா சொல்வார். 1967ல அந்தக் காட்டைச் சரணாலயம்னு அறிவிச்சுட்டாங்க. 1972ல நாடு முழுக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் துப்பாக்கி உத்தரத்தை விட்டு எறங்கல. ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கிறதும் திரும்ப வாங்கியாறதுமா இருந்து, கடைசியில லைசென்சைப் புதுப்பிக்காம ஒரேயடியா ஒப்படைச்சுட்டாங்க.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. தலைமுறை தலைமுறையா மானைச் சுட்டுத் தலையைச் சுவத்துல மாட்டின பெரிய மனுஷங்க யாரும் சட்டத்துல மாட்டினதில்ல. நாட்டுத் துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டு கொக்கும் மடையானும் அடிச்சு நாகப்பட்டினம் கடைத்தெருவுல வித்து அரிசி வாங்கின நரிக்குறவங்கதான் முதல்ல மாட்டினாங்க. சட்டம் வேணாம்னு நான் சொல்லல. அவங்களுக்கு வேற பொழைப்பைக் காட்டிட்டு சட்டத்தைக் கொண்டாந்திருக்கலாம். பழங்குடிப் பட்டியல்ல அவங்க பேரைச் சேக்குறதுக்கு 2023 வரைக்கும் ஆச்சு.

நாங்களும் உத்தமர் இல்ல. பன்னெண்டு பதிமூணு வயசுல ரெண்டு பேருக்கும் கண்ணி வைக்கிறதுதான் வேலை. ஐப்பசி அடைமழையில தாளடி நட்ட வயல்ல உள்ளான் வந்து எறங்கும். மூக்கைச் சேத்துல குத்திக் குத்தி நடக்கும், வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும். தாத்தா காலத்துல குதிரைவால் மயிரை முறுக்கிக் கண்ணி போடுவாங்களாம். நாங்க தூண்டில் நரம்புல போட்டோம். வரப்போரம் மூங்கில் குச்சி நட்டு வரிசையா சுருக்கு வச்சுட்டு, கருவேல மரத்தடியில ஒளிஞ்சுக்குவோம். நாலஞ்சு மாட்டினா மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவி சுட்டுத் தின்னுடுவோம். ஒரு உள்ளான்ல எலுமிச்சம்பழம் அளவு கறி தேறினா பெருசு.

1983 ஐப்பசியில மாட்டின ஒரு பொறி உள்ளான் கால்லதான் அந்த வளையம் இருந்துச்சு. மாப்ளதான் முதல்ல பார்த்தான். கழுத்தைத் திருகினதுக்கு அப்புறந்தான் பார்த்தான், அதையும் சொல்லிடணும். எழுத்தைக் கூட்டிப் படிச்சோம். தகவல் கொடு, பம்பாய்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல இருந்துச்சு, கீழே ஒரு நம்பர். எங்க ரெண்டு பேருக்கும் கை நடுங்கிப் போச்சு. பம்பாய்க்காரன் வளக்குற பறவையைத் தின்னுட்டோம், போலீஸ் வரப்போறான்னு நெனச்சோம். தாத்தாகிட்ட நைசா கேட்டதுக்கு, "பட்டாளத்துல புறா கால்ல சேதி கட்டி அனுப்புவாங்க, அது மாதிரி வேவு பாக்குற பறவையா இருக்கும்"னுட்டார். அவ்வளவுதான், மாப்ள ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துட்டான். ஆனா வளையத்தை மட்டும் தூக்கிப் போடல. அரைஞாண் கயித்துல கோத்து அஞ்சு வருஷம் இடுப்புலயே வச்சிருந்தான்.

பள்ளிக்கூடம் முடிச்சு வயல்ல எறங்குன வருஷம், 1988 மார்கழி. அவங்க அப்பாவோட பழைய ராஜ்தூத்தை எடுத்துக்கிட்டு, தாத்தா சொன்ன வேட்டை பங்களாவைப் பாத்துடணும்னு கிளம்பினோம். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேதாரண்யம். எண்பது கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆச்சு. வண்டி ரெண்டு எடத்துல நின்னுச்சு, மூணு எடத்துல போலீஸ் நிப்பாட்டினாங்க. இலங்கைப் பிரச்சினை உச்சத்துல இருந்த நேரம் அது. அந்தக் கடற்கரையில ரெண்டு வாலிபப் பசங்க காரணமில்லாம வண்டியில சுத்தினா யாருக்கும் சந்தேகம் வரும். ஒரு சோதனைச் சாவடில சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. அரைஞாண் கயித்துல வளையத்தைப் பார்த்துட்டு "என்னடா இது"ன்னார் ஏட்டையா. "தாயத்து சார்"னான் மாப்ள. எனக்கு வாயில எச்சில் வத்திப் போச்சு.

அகஸ்தியன்பள்ளி தாண்டினா ரெண்டு பக்கமும் உப்பளம். 1930ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து உப்பு அள்ளின மண்ணு. அதுக்கப்புறம் கோடியக்காடு ஆரம்பிக்கும். நம்ம டெல்டால எங்க பார்த்தாலும் நெல்லும் தென்னையும் மூங்கிலுந்தான். அதைப் பார்த்தே வளந்த கண்ணுக்கு அது வேற நாடு. குட்டையா நெருக்கமா பாலை மரம், உகா மரம், காரை முள்ளு. கோடை காலத்துல கூட இலை உதிர்க்காத காடு. மழை மார்கழியோட நின்னுடும், அப்புறம் எட்டு மாசம் காஞ்ச காத்துதான், இருந்தாலும் பச்சையா நிக்கும். பாலைப்பழம் மஞ்சளா புளியங்கொட்டை அளவுல இருக்கும், தின்னா பால் உதட்டுல ஒட்டிக்கும். மரம் இரும்பு மாதிரி. எங்க வீட்டு உலக்கை பாலை மரந்தான், அது எந்தக் காட்டுலேர்ந்து வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் யோசிச்சேன்.

வேட்டை பங்களாவைத் தேடினோம். தாத்தா சொன்ன அடையாளத்துல ஒண்ணும் இல்ல. வனத்துறை விடுதிதான் இருந்துச்சு. இன்னைக்குப் "பூநாரை இல்லம்"னு சொல்றாங்களே, அங்கதான் பின்னால நாங்க வருஷா வருஷம் தங்கினோம். தாத்தா தங்கினது எந்தக் கட்டடமோ, ஆனா மாப்ளைக்கு அதுதான் வேட்டை பங்களா. கடைசி வரைக்கும் வேற பேர் சொன்னதில்ல. முதல் தடவை எங்களுக்கு ரூம் கிடைக்கல. நாகப்பட்டினத்துல வனத்துறை ஆபீஸ்ல முன்னாடியே எழுதி வாங்கணும்னு தெரியாது. மீன்பிடி சீசனுக்குக் கடற்கரையில குடிசை போட்டிருந்த நம்மூர்ப் பக்கத்து மீனவர்கள்கிட்ட படுத்துக்கிட்டோம். ஐப்பசிலேர்ந்து பங்குனி வரைக்கும் பல ஊர்க்காரங்க படகோட வந்து அங்கேயே தங்கித் தொழில் பாப்பாங்க. அன்னைக்கு ராத்திரி தின்ன வாவல் மீன் குழம்பு மாதிரி இன்னைக்கு வரைக்கும் தின்னதில்ல.

மறுநாள் விடியகாலைல சதுப்புப் பக்கம் நடந்தப்ப தூரத்துல ஒரு கோடு தெரிஞ்சுச்சு, வெள்ளையும் ரோஸுமா. உப்பு பூத்துக் கெடக்குன்னு நெனச்சேன். அந்தக் கோடு எழுந்து பறந்துச்சு. பூநாரை, ஆயிரக்கணக்குல. எறக்கைக்கு அடியில செவப்பும் கறுப்பும் தெரிய, எங்க தலைக்கு மேல வாத்து மாதிரி கத்திக்கிட்டுப் போச்சு. மாப்ள ஒரு வார்த்தை பேசல. அவன் பேசாம இருந்தாத்தான் ஏதோ உள்ள எறங்கியிருக்குன்னு அர்த்தம்.

அங்கதான் பறவை ஆராய்ச்சிக்காரங்க முகாமைப் பார்த்தோம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். சாலிம் அலி அதுக்கு முந்தின வருஷந்தான், 1987ல, காலமாயிருந்தார். அவர் ஏற்பாட்டுல ஆரம்பிச்ச வேலை அது. பொழுது சாயுறப்ப வலை கட்டுறாங்க, கண்ணுக்கே தெரியாத மெல்லிசு நூல். மாட்டின பறவையை மெதுவா பிரிச்சு, துணிப்பையில போட்டு எடை பாக்குறாங்க. எறக்கையை அளக்குறாங்க, மூக்கை அளக்குறாங்க. அப்புறம் ஒரு குறட்டால கால்ல வளையத்தை மாட்டி, நம்பரை நோட்டுல எழுதி, கையை விரிச்சு விட்டுடுறாங்க. மாப்ள என் முழங்கையைப் புடிச்ச புடியில நகம் பதிஞ்சு போச்சு. அதே வளையம்.

இன்னொண்ணும் பார்த்தோம். வலைக்குப் பக்கத்துல வரிசையா குச்சி நட்டு சுருக்குக் கண்ணி. நாங்க போட்டது மாதிரியேதான், ஆனா எங்க வேலையை விட நூறு மடங்கு சுத்தம். பறவையைக் கண்ணியில புடிக்கிறதுல பிகார் மாநில மீர்ஷிகார்னு ஒரு சமூகமே பேர் போனது. பரம்பரையா பறவை புடிச்சு வித்துப் பொழைச்சவங்க. சாலிம் அலி அவங்களைத்தான் கூப்பிட்டுச் சேத்துக்கிட்டார், அலி உசேன்னு ஒருத்தர் அதுல ரொம்பப் பேர் பெற்றவர். காலுக்கோ எறக்கைக்கோ சேதமில்லாம புடிக்க, பொழைப்புக்காகப் புடிச்சவனுக்குத்தானே தெரியும். அன்னைக்கு அங்க நின்னுக்கிட்டு எனக்குத் தோணினது, நரிக்குறவங்களுக்கும் இப்படி ஒரு வழி காட்டியிருக்கலாமேன்னுதான்.

மாப்ள ரெண்டு மணி நேரம் அப்படியும் இப்படியும் நடந்தான். அப்புறம் நேரா போய், அங்க எழுதிக்கிட்டிருந்த ஒருத்தர் முன்னாடி நின்னு, அரைஞாணை அவுத்து வளையத்தை மேசை மேல வச்சுட்டான். "சார், இதைக் கொன்னு தின்னுட்டோம். அஞ்சு வருஷம் ஆச்சு. என்ன பண்ணணுமோ பண்ணுங்க. இவனுக்கு இதுல சம்பந்தமில்ல." எனக்கும் சம்பந்தமுண்டு, கண்ணி நான் வச்சது. ஆனா அந்த நேரத்துல எனக்கு வாய் வரல.

அந்த ஆள் சிரிச்சார். திட்டல. நம்பரைப் பார்த்தார், எந்த ஊரு, எந்த மாசம், வயல்ல தண்ணி இருந்துச்சா, கூட எத்தனை பறவை இருந்துச்சுன்னு ஒண்ணொண்ணா கேட்டு எழுதிக்கிட்டார். நம்பர் போதும்னு வளையத்தை மாப்ள கையிலேயே கொடுத்துட்டார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து சாலிம் அலி கதையைச் சொன்னார். பத்து வயசுப் பையனா இருந்தப்ப அவர் காத்துத் துப்பாக்கியால ஒரு குருவியைச் சுட்டாராம். கழுத்துல மஞ்சள் திட்டு இருந்ததால அது என்ன குருவின்னு தெரியாம, தாய்மாமன் சொல்லி, பம்பாய்க் கழகத்துல மில்லார்டுங்கிற வெள்ளைக்காரர்கிட்ட எடுத்துட்டுப் போனாராம். அங்கேர்ந்துதான் அவர் வாழ்க்கை மாறிச்சு. தன் சுயசரிதைக்கே ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சின்னு அர்த்தம் வர்ற தலைப்புதான் வச்சார்.

மூணு மாசம் கழிச்சு மாப்ள பேருக்கு பம்பாய்லேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு. எங்க இங்கிலீஷ் வாத்தியார்தான் படிச்சுச் சொன்னார். அந்த உள்ளானுக்குக் கோடியக்கரைல வளையம் போட்டது 1981 நவம்பர்ல. தகவல் கொடுத்ததுக்கு நன்றின்னு எழுதியிருந்தாங்க. எங்களுக்கு நன்றி! வாத்தியார் அட்லஸை விரிச்சு வச்சு, இந்தப் பறவை குஞ்சு பொரிக்கிறது ரஷ்யாவோட வடக்குப் பக்கத்துச் சதுப்புல, இமயமலைக்கும் அந்தாண்டன்னு காட்டினார். அப்ப 81ல வளையம் போட்டதுன்னா, 82லயும் 83லயும் ரெண்டு தடவை அவ்வளவு தூரம் போய்த் திரும்பியிருக்கு. திரும்பி வந்து எங்க கண்ணியில காலை வச்சிருக்கு. மாப்ள கடுதாசியை மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு "ரெண்டு தடவைடா மாப்ள"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

அதுக்கப்புறம் நாங்க கண்ணி வைக்கல. வருஷா வருஷம் சம்பா கதிர் வாங்கி, மருந்தடிக்கிற வேலை முடிஞ்ச நேரமா பார்த்து ரெண்டு நாள் கோடியக்கரை. கல்யாணத்துக்குப் பின்னாடியும் நிக்கல. வீட்டுல கேட்டா "குழகர் கோயிலுக்கு"ம்போம். பொய்யில்ல, போவோம். சுந்தரர் பாடின கோடிக்குழகர், காட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கார். மாப்ளைக்குப் பொன்னியின் செல்வன் மனப்பாடம். பூங்குழலி எங்க படகு விட்டா, எந்தப் புதைகுழில ஆள் மாட்டினான்னு காட்டுக்குள்ள நின்னு விவரம் சொல்வான். கடற்கரைல சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம்னு ஒரு செங்கல் மொட்டை நின்னுச்சு. அதுல சாஞ்சு உக்காந்துதான் புளிச்சோறு தின்போம். 2004 டிசம்பர் 26 சுனாமியில அது போயிடுச்சு. நாகப்பட்டினத்துல ஆறாயிரத்துக்கு மேல ஜனம் செத்தப்ப ஒரு செங்கல் மேட்டுக்காக அழுவுறதான்னு எங்களுக்கே வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் அடுத்த தடவை போனப்ப சாஞ்சுக்க எடமில்லாம நின்னுக்கிட்டேதான் தின்னோம்.

ராமர் பாதம்னு ஒரு மேடு இருக்கு. அந்தக் காட்டுலயே ஒசரமான எடம் அதுதான், அதுவே ஒரு ஆள் மூச்சு வாங்காம ஏறுற ஒசரம். அங்கேர்ந்து வெளிமான் எண்ணுவோம். யார் அதிகம் எண்ணினானோ அவனுக்கு இன்னொருத்தன் டீ வாங்கித் தரணும். மட்டக்குதிரைங்க நடுவுல வந்து கணக்கைக் குழப்பும். யாரோ எப்பவோ விட்டுட்டுப் போன குதிரைங்க, காட்டுக் குதிரையா ஆயிடுச்சு. மானுக்கு உள்ள புல்லை அதுங்க தின்னுதுன்னு வனத்துறைக்குக் கவலை. மாப்ள அதுங்க வாலைப் பார்த்து "எத்தனை கண்ணிடா போடலாம்"னு சொல்லிச் சிரிப்பான். 2002ல அந்தச் சதுப்பை ராம்சர் பட்டியல்ல சேத்தாங்க, 38,500 ஹெக்டேர். பேப்பர்ல வந்ததை வெட்டி எடுத்துட்டு வந்து எனக்குக் காட்டினான், சொந்த வயலுக்குப் பட்டா வந்த மாதிரி.

இப்ப நான் தள்ளிப் போட்டதைச் சொல்றேன்.

2012. அந்த வருஷத்தை டெல்டாக்காரன் எவனும் மறக்க மாட்டான். ஜூன் 12ந்தேதி தொறக்க வேண்டிய மேட்டூர் செப்டம்பர் 17தான் தொறந்துச்சு. குறுவை போச்சு. கடைமடையில இருக்குற நமக்கு சம்பாத் தண்ணியும் வந்தும் வராமலுந்தான். நகையை வச்சு நட்ட நாலு மா நெல்லுல நீர்க்கோழி எறங்கிருச்சு. நீல நெறத்துல செவப்பு மூக்கோட இருக்குமே, அதுதான். பயிரை அடியோட ஒடிச்சு குருத்தைத் தின்னும். நடந்த எடமெல்லாம் படுத்துக்கும். பட்டாசு போட்டேன், தகரம் கட்டினேன், ராத்திரி காவல் படுத்தேன். முடியல. ஒரு நாள் கடையில குருணை மருந்தை வாங்கியாந்து அரிசில கலந்து வரப்போரம் வச்சுட்டேன்.

காலையில போய்ப் பார்த்தா நீர்க்கோழி நாலு செத்துக் கெடந்துச்சு. கொக்கு, மடையான், ரெண்டு மீன்கொத்தி, ஒரு காக்கா. உள்ளானும் இருந்துச்சு. மொத்தம் பதினேழு. அள்ளிப் புதைக்கலாம்னு மண்வெட்டி எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள மாப்ள மேமடையிலேர்ந்து எறங்கி வந்து நின்னுக்கிட்டிருந்தான். நான் ஏதோ சொல்ல ஆரம்பிச்சேன், நகைக்கடன், நீர்க்கோழின்னு. அவன் கேட்டுக்கல. ஒவ்வொண்ணா எடுத்து, காலைப் பார்த்துப் பார்த்து, ஓரமா அடுக்கினான். வளையம் இருக்கான்னு பார்த்தான்னு எனக்கு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு. என் கையிலேர்ந்த மண்வெட்டியை வாங்கி அவனே குழி வெட்டிப் புதைச்சான். மண்வெட்டியை வாய்க்கால்ல கழுவி என்கிட்டக் கொடுத்துட்டு மேல ஏறிப் போனான்.

அதுக்கப்புறம் ஆறு வருஷம் என்கிட்டப் பேசல. தண்ணி மொறையில மட்டும் குறை வைக்கல. அவன் மொறை முடிஞ்சா மடையை சரியா என் பக்கம் திருப்பி விட்டுட்டுத்தான் போவான். என் மகள் கல்யாணத்துக்கு அவன் பொண்டாட்டி வந்துச்சு, மொய் வச்சுது. "அண்ணே, அது அப்படித்தான், மனசுல வச்சுக்காதீங்க"ன்னுச்சு. நானும் போய்ப் பேசியிருக்கலாம். அவன் வயல்லயும் அந்த வருஷம் நீர்க்கோழி எறங்கினது எனக்குத் தெரியும். அவன் மருந்து வைக்கல, பாதிதான் கண்டுமுதல் ஆச்சு. அதனாலேயே அவன் முகத்தைப் பாக்க முடியல எனக்கு.

2018 நவம்பர் 16 விடியகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. நம்ம பக்கம் மரமும் போஸ்ட்டும் போச்சு, வேதாரண்யம் பக்கம் தென்னைன்னு சொல்ல ஒண்ணு மிஞ்சல. ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் என் வீட்டு வாசல்ல டிவிஎஸ் வந்து நின்னுச்சு. எறங்காமலே, "மாப்ள, கடற்கரைக்கு வர்றியா"ன்னான். ஆறு வருஷத்துல முதல் வார்த்தை. சட்டையை மாட்டிக்கிட்டு ஏறி உக்காந்தேன்.

காரைக்கால் கடற்கரையில மான் ஒதுங்கிக் கெடந்துச்சு. வெளிமான், புள்ளிமான். கோடியக்கரைலேர்ந்து கடல் இழுத்துட்டுப் போய் நம்ம கரையில கொண்டாந்து போட்டிருந்துச்சு. தாத்தா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு எல்லை தாண்டி ரயிலேறிப் போய்த் தேடின மானு. ஒரு கிடா கண்ணு தொறந்தே இருந்துச்சு, முறுக்குக் கொம்புல பாசி சுத்தியிருந்துச்சு. ஜனங்க செல்போன்ல படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மாப்ள பக்கத்துல உக்காந்து அந்தப் பாசியை விரலால எடுத்து விட்டான். "போகணும்டா"ன்னான்.

2019 மாசியில போனோம். அதுதான் கடைசி. காடு மொட்டையா நின்னுச்சு. பாலை மரம் சாயல, ஆனா கெளையெல்லாம் முறிஞ்சு எலும்புக்கூடு. உள்ள வெயில் அடிச்சுச்சு, கோடியக்காட்டுக்குள்ள வெயிலை அன்னைக்குத்தான் பார்த்தோம். ராமர் பாதம் மேட்டுல ஏறி எண்ணினோம். அவன் பதினொண்ணு, நான் ஒன்பது. டீ நான் வாங்கிக் கொடுத்தேன். டீக்கடை பெஞ்சுல உக்காந்து 2012 விஷயத்தை நான் எடுத்தேன். "மாப்ள, அன்னைக்கு..."ன்னேன். "நகையை மீட்டுட்டியா?"ன்னான். மீட்டுட்டேன்னேன். "அப்ப சரி"ன்னுட்டு டீயைக் குடிச்சான். முறிஞ்ச பாலை அடிமரத்துல கொத்துக் கொத்தா புதுத் துளிர் இருந்துச்சு, அதைக் காட்டி எந்தெந்த மரம் பொழைக்கும் எது பொழைக்காதுன்னு வழி முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தான்.

2021 வைகாசில கொரோனா ரெண்டாவது அலை அவனைக் கொண்டு போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குள்ள போனவனை நான் திரும்பப் பாக்கல. பிளாஸ்டிக்ல சுத்தினதைத் தூரத்துல நின்னு கும்பிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவன் வயலுக்கு நாந்தான் மடை திருப்புறேன். மகன் துறைமுகத்துல வேலைக்குப் போறான், சாகுபடியை என்கிட்ட விட்டுட்டான்.

வளையத்தைப் பார்க்கப் போனப்ப அந்தப் பய கேட்டான், "இது என்ன மாமா, அப்பா ஏன் இதை வச்சிருந்தாரு?" எல்லாத்தையும் சொன்னேன், அந்தப் பதினேழையும் சேத்து. அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்பன் மாதிரியே. தங்கச்சி உள்ளேர்ந்து காபி கொண்டாந்து வச்சுது. "அந்தக் கடுதாசியும் இருக்குண்ணே"ன்னு, பீரோலேர்ந்து மடிப்பு கிழிஞ்சு போன அந்தப் பம்பாய்க் கடுதாசியை எடுத்துக் கொடுத்துச்சு.

2023லேர்ந்து திருத்துறைப்பூண்டி அகஸ்தியன்பள்ளி ரயில் மறுபடி ஓடுது. கோடியக்கரை வரைக்கும் பாதை இப்ப இல்ல, அகஸ்தியன்பள்ளியோட சரி. அங்கேர்ந்து ஆட்டோ புடிக்கணும். மாசி ரெண்டாவது வாரத்துக்குப் பூநாரை இல்லத்துல ரூம் கேட்டிருக்கேன். பய லீவு போடுறேன்னிருக்கான். பைக்ல போலாம் மாமாங்கிறான். எனக்கு இடுப்பு தாங்காது, ரயில்தான்னு சொல்லியிருக்கேன். வளையத்தை அவன் பைக் சாவிக்கொத்துல மாட்டிட்டான்.